நோய்க் காலத்தில் விளையாட்டு: நிறுத்தணுமா, மாத்தணுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கிக் கடன், வசூல் எல்லாம் பேசி முடிச்சு எல்லாருக்கும் பசி வந்தாச்சு. சாப்பாட்டுக்கு முன்னால எனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கீங்க. சுருக்கமாச் சொல்லிருதேன்.

போன கூட்டத்தில் நம்ம விளையாட்டு விழாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஊர் பூரா காய்ச்சலும் இருமலுமா கிடக்கு. இந்த நேரத்துல பந்து எதுக்கு? ரத்துன்னு தீர்மானம் எழுதிருவோம்" என்று ஒரு அக்கா சொன்னாங்க. அவங்க கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் அப்படி எழுதுவதற்கு முன்னால், கொரோனா காலத்தில் நமக்கு என்ன நடந்தது என்பதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கணும்.

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம மாநிலத்தில் 144 போட்டார்கள். மறுநாளிலிருந்து நாடே பூட்டு. அப்போது நான் வேலை பார்த்த ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், பதினாலு பேர் சாயங்காலம் கூடி நெட்பால் ஆடிக்கிட்டு இருந்தோம். பாதிப்பேர் பகல் பூரா சுளகை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றுகிறவர்கள். மீதி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். பழைய சைக்கிள் ரிம்மை மூங்கிலில் கட்டினதுதான் எங்க கோல் கம்பம். முறைப்படி வளையம் 15 அங்குலம், கம்பம் 10 அடி உயரம். எங்க ரிம் அதைவிடப் பெரிசு, அதனால எல்லாருமே கோல் போட்டோம்!

ஊரடங்கு வந்ததும் பந்தை ஒரு வீட்டுப் பரணில் போட்டாச்சு. அது சரிதான், அப்போ வேற வழி இல்லை. குழுக்கள் முகக்கவசம் தைத்தன, நிவாரணப் பொருள் கொடுத்தன, நாம சும்மா இருக்கவில்லை. ஆனால் தளர்வு வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துது. டீக்கடை திறந்தாச்சு, நூறு நாள் வேலை தொடங்கியாச்சு, அறுப்பு முடிஞ்ச வயலில் பையன்கள் கிரிக்கெட் ஆட வந்துட்டாங்க. நாங்க மட்டும் போகலை. "ஊரே வாயைக் கட்டிக்கிட்டு இருக்கு, பொம்பளைகளுக்குப் பந்து கேக்குதா?" என்று ஒரு வார்த்தை வந்தது. அந்த ஒரு வார்த்தை போதும், அடங்கிட்டோம். நானும்தான் அடங்கினேன்.

அந்தப் பதினாலு பேரில், பள்ளிக்கூடம் பூட்டியிருந்த காலத்திலேயே இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள். வயசு வரவில்லை. எங்களுக்குத் தெரிய வந்தது தாலி ஏறின பிறகு. பந்து ஆடியிருந்தால் கல்யாணம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் கூடியிருந்தால், ஒருத்தி ரெண்டு நாள் வரலைன்னா "ஏன்டி வரல" என்று வீட்டு வாசலில் போய்க் கேட்டிருப்போம். 1098-க்கு ஒரு போன் போட்டிருப்போம்.

அதனால்தான் சொல்லுதேன், அடுத்த தடவை நிறுத்தாமல் எப்படி ஆடுவது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வோம்.

இந்த விளையாட்டே அதுக்கு வாகானது. கபடியில் ஆளைக் கட்டிப் பிடிக்கணும், மூச்சுவிடாமல் பாடணும். நோய்க் காலத்துக்கு அது ஆகாது. நெட்பாலில் ஆள் மேல் கை பட்டால் தப்பு. பந்து வைத்திருப்பவரை மறிக்கிறவர் 3 அடி தள்ளி நிற்கணும். பந்தை 3 விநாடிக்குள் கைமாற்றணும். நூறடி நீள மைதானத்தை மூன்றாகப் பிரித்து, ஏழு பேருக்கும் யார் எங்கே போகலாம் என்று எல்லை போட்டிருக்கும். ஆட்டத்தின் விதியிலேயே எழுதி வைத்த இடைவெளி இது, கொரோனாவுக்காக வந்தது இல்லை.

இலங்கைத் தமிழர்கள் இதை வலைப்பந்தாட்டம் என்கிறார்கள். அங்கே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் ஆடுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பெண் தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குல உயரம். 2018-ல் சிங்கப்பூரில் ஆசியக் கோப்பையை வென்ற இலங்கை அணியில் அவர்தான் பெரிய பலம். 2019-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த உலகக் கோப்பையில் மற்ற எல்லா நாட்டுப் பெண்களையும்விட அதிகமாகக் கோல் போட்டவரும் அவரே. உயரமான பிள்ளையைப் பார்த்து "இவளுக்கு எங்க மாப்பிள்ளை தேடுறது" என்று பெருமூச்சு விடுகிற தாய்மார் இங்கேயும் இருக்கிறீர்கள், அதற்காகச் சொன்னேன்.

கொரோனா வந்தபோது மற்ற நாடுகளில் இந்த ஆட்டத்தை மாற்றி ஆடினார்கள். நியூசிலாந்தில் 2020 ஜூன் மாதமே பெண்கள் போட்டி மறுபடி தொடங்கியது. அணிகளை ஊர் ஊராக அலைய விடாமல் ஒரே நகரத்தில் வைத்துத் தொடங்கினார்கள். 15 நிமிஷப் பகுதியை 12 ஆகக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் சாதாரண ஊர்க் குழுக்களுக்கு, மறிக்கிற தூரத்தை 3 அடியிலிருந்து 4 அடி ஆக்கினார்கள். கோல் போட்டதும் கை தட்டிக்கொள்வது, வட்டமாகக் கூடித் தோளில் கை போட்டுப் பேசுவது வேண்டாம் என்றார்கள். பந்தையும் கையையும் நடுநடுவே சுத்தம் செய்யச் சொன்னார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நல்லா மனசில் வாங்கிக்கணும். அன்றைக்கு நாம் பால் பாக்கெட்டைக் கழுவினோம், காய்கறியைக் கழுவினோம், ரூபாய் நோட்டை வெயிலில் காயப்போட்டவங்களும் உண்டு. ஆனால் கொரோனா முக்கியமாக மூச்சுக் காற்றில்தான் பரவுகிறது. பொருளைத் தொட்டு வருவது அதைவிட ரொம்பக் குறைவு. மூடின அறைக்குள் பரவுவது அதிகம், திறந்த வெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடுவதால் குறைவு. அப்படியென்றால் ஆபத்து எங்கே இருக்கிறது? மைதானத்துக்குள்ளே இருப்பதைவிட மைதானத்தின் ஓரத்தில் அதிகம் இருக்கிறது. ஒரே வேனில் இருபது பேர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நெருக்கியடிச்சு வருவது. ஆட்டம் முடிந்து கல்யாண மண்டபத்துக்குள் பந்தி. பரிசளிப்பில் மேடையைச் சுற்றிக் கூட்டம். ஒரே செம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பது. இவைதான் மாறணும். 2022 ஜனவரியில் காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்து, அன்றைக்கு முழு ஊரடங்கு என்றதும் ஆற்றங்கரைக்குப் போக முடியலையே என்று வருத்தப்பட்டோம். வீட்டுக்குள்ளே சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடி ஒரே அறையில் படம் பார்த்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஓடி ஆடும்போது முகக்கவசம் வேண்டாம். வேர்வையில் நனைந்து மூச்சு முட்டும். உலக சுகாதார நிறுவனமும் கடுமையான உடற்பயிற்சியின்போது போட வேண்டாம் என்றுதான் சொன்னது. உட்கார்ந்து பார்க்கும்போதும், வேனில் வரும்போதும் போட்டுக்கோங்க. சோப்புப் போட்டுக் கை கழுவுவதை மட்டும் விடாதீங்க. கொரோனா இல்லாவிட்டாலும் வயிற்றுப்போக்குக்கு அது நல்லது.

யார் ஆடக்கூடாது என்பதிலும் கண்டிப்பு வேணும். காய்ச்சலோடு யாரும் வரக்கூடாது. "ஒரு மாத்திரை போட்டுட்டு வந்துட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவங்களைத்தான் முதலில் திருப்பி அனுப்பணும். காய்ச்சல் விட்டு, வீட்டு வேலையை மூச்சு வாங்காமல் செய்ய முடிகிற வரைக்கும் பொறுங்க. பிறகு இரண்டு மூன்று நாள் நடை, அதுக்கப்புறம்தான் ஓட்டம். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடவென்று அடித்தாலோ, கண்ணை இருட்டினாலோ அங்கேயே நிறுத்தி டாக்டரைப் பாருங்க. கண் இருட்டுவது இரத்தசோகையாகவும் இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று வந்தது. இந்த மண்டபத்தில் பாதிப்பேர் என்று வைத்துக்கோங்களேன். கிராம செவிலியரிடம் சொல்லி, விழாவுக்கு முன்னால் ஒரு நாள் இரத்தப் பரிசோதனை வைப்போம்.

இப்போது நம்ம விழாவுக்கு வருவோம். ரத்து என்று எழுத வேண்டாம் என்பது என் கருத்து. எல்லா ஊரும் ஒரே இடத்தில் கூடாமல், இந்தத் தடவை அந்தந்த ஊரிலேயே நடத்தலாம். உள்ளூர் மைதானம், சாயங்காலம் நாலரை மணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பந்தி கிடையாது. சாப்பாட்டுப் பொட்டலம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடலாம். மண்டப வாடகை மிச்சமாகும், அதில் ஊருக்கு ஒரு பந்து வாங்கலாம். ஜெயிச்ச அணிகள் காய்ச்சல் அடங்கின பிறகு ஒரு நாள் மோதட்டும்.

வர முடியாதவங்க யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க. ஒரு பிள்ளை ரெண்டு நாள் வரலைன்னா அந்த ஊர் ஊக்குநர் வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வரணும். இதையும் தீர்மானத்தில் எழுதணும்னு கேட்டுக்கிறேன். நம்ம பழைய பந்து அலுவலகப் பீரோவுக்குள்ள இருக்கு, காத்து இறங்கிக் கிடக்கு. இன்னைக்குச் சாயங்காலமே சைக்கிள் கடையில கொடுத்துக் காத்து அடிச்சு வச்சிருதேன்.