பழைய கிடார் ஆம்ப் வாங்கும் முன்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் குடியிருப்பில் நாலைந்து பிள்ளைகள் கிடார் படிக்கிறார்கள். ஆம்ப் வேண்டும் என்று அவர்கள் ஒரு பக்கம், சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம். இரண்டுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில், கிடாரில் வயர் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது சாதாரண அகூஸ்டிக் கிடார். ஆம்ப்பே வேண்டாம், செலவு மிச்சம். எலக்ட்ரிக் கிடார் என்றாலும் வீட்டுக்கு 10 வாட் போதும். 20 வாட் என்றால் இரண்டு மடங்கு சத்தம் இல்லை, கூடுவது 3 டெசிபல்தான். மார்ஷல் எம்ஜி10, ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி மாதிரி சின்னப் பெட்டிகளைத் தேடுங்கள். இரண்டிலும் ஹெட்போன் துளை உண்டு. ஹெட்போன் துளை இல்லாததை இனாமாகத் தந்தாலும் வேண்டாம் என்பது என் கட்சி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன.

பார்க்கப் போகும்போது உங்கள் கிடாரையும் வயரையும் கொண்டுபோய், கால் மணி நேரமாவது ஓடவிட்டுக் கேளுங்கள். சூடேறின பிறகுதான் சில கோளாறு தெரியும். குமிழைத் திருகும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான், காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். காகிதம் கிழிகிற மாதிரி சத்தம் வந்தால் ஸ்பீக்கர் போயிருக்கும், விட்டுவிடுங்கள்.

பிளக்கில் எர்த் பின் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவதற்காக அதை வெட்டி வைத்திருப்பார்கள். கிடார் கம்பி ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தது. உள்ளே மின்கசிவு இருந்தால் பிள்ளையின் விரலுக்குத்தான் வரும். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் மேடையிலேயே உயிரை விட்டார். நம் வீட்டு சுவர் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது என்றால் பின்பக்கம் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், நம் 230 வோல்ட்டில் செருகியதும் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

விலை? தேய்மானம் போட்டுப் பழகின கை இது. புது விலையில் பாதிக்கு மேல் தரமாட்டேன். பாளையங்கோட்டையில் கிடார் சொல்லித் தருகிறவர்களிடமும், சர்ச் பாடகர் குழுப் பையன்களிடமும் சொல்லி வையுங்கள். பெரிய ஆம்ப்புக்கு மாறுகிறவர்கள் சின்னதை விற்பார்கள்.

ஆன்லைனில் பார்த்தால் ஒன்று. "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, அட்வான்ஸ் போடுங்கள்" என்பவரை நம்பாதீர்கள். அதேபோல, நமக்குப் பணம் வருவதற்கு யூபிஐ பின் போடவே தேவையில்லை. பின் கேட்டால், போகப்போவது நம் பணம்.

காலேஜுக்குப் போய்விட்ட பிள்ளைகளின் ஆம்ப் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், நம் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுங்கள். மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு வண்டிக்கூலியும் கிடையாது.