கொடுப்பதற்கு எத்தனை சொற்கள்!

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையிலே பக்தியைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் பேசுவது வழக்கம். அடியேன் இன்று காசைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். காசு கேட்கப் போகிறான் என்று எவரும் அஞ்ச வேண்டாம். காசு கொடுப்பதைக் குறிக்க எமது தமிழிலே வழங்கும் சொற்களைப் பற்றியே பேச விரும்புகிறேன். அச்சொற்கள் எமது மனத்தின் கண்ணாடி என்பது என் எண்ணம்.

ஒரு செயலுக்கு எத்தனை சொற்கள் என்று பாருங்கள். கோயில் உண்டியலிலே காசைப் போடுகிறோம். அருச்சனைத் தட்டத்திலே வைக்கிறோம். காணிக்கையைச் செலுத்துகிறோம். கலியாண வீட்டிலே மொய் எழுதுகிறோம். அரசனுக்குரிய இறையை முன்னோர் இறுத்தனர். நாம் வரி கட்டுகிறோம். குற்றம் செய்தவன் தண்டம் கட்டுகிறான். கொடுக்க மனமில்லாதவன் ஈற்றில் காசைக் கக்குகிறான். சங்கத்துச் சந்தாவுக்கு மாத்திரம், “இந்த மாதமும் அழுதேன்” என்கிறோம்!

சிரிக்கிறீர்கள். ஆயினும் இந்த ‘அழுதல்’ வெறும் வேடிக்கைச் சொல் அன்று. மனமின்றிக் கொடுத்தலைக் குறிக்கும் பழகிய வழக்கு அது. சொற்களும் மனிதரைப் போலவே உயர்வதும் தாழ்வதும் உண்டு. தாரை வார்த்தல் என்பது நீர் வார்த்துத் தானம் செய்யும் புனிதச் சடங்கு. இன்றோ, உள்ளதையெல்லாம் வீணே இழந்தவனையும் ‘தாரை வார்த்துவிட்டான்’ என்கிறோம். கப்பம் என்பது சிற்றரசன் பேரரசனுக்குச் செலுத்திய திறை. இன்று பத்திரிகைகளிலே அது மிரட்டிப் பறிக்கும் பணத்துக்குப் பெயர். கொடுக்கும் முறை கெட்டால் கொடுத்தலைக் குறித்த சொல்லும் கெட்டுவிடுகிறது.

அப்படியானால் எப்படிக் கேட்பது? எப்படிக் கொடுப்பது? முதலிலே கேட்கும் முறையைப் பார்ப்போம். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களுக்கும் தொல்காப்பியனார் வேறுபாடு வகுத்திருக்கிறார். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் இரக்கும்போது ‘ஈ’ என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் ‘கொடு’ என்பான். எங்கள் சங்கத்து இளைஞர் பெரியோர் வீட்டு வாயிலிலே நின்று ‘ஈ’ என்று இரக்கிறார்கள். சங்கத்தின் பெயரால் இளையவரிடம் ‘கொடு’ என்று அதட்டுவாரும் உளர். இரண்டும் பொருந்தா. இது எல்லோருக்கும் பொதுவான சங்கம். இங்கே வழங்கவேண்டிய சொல் ‘தா’ என்பதே.

இனிக் கொடுக்கும் முறை. திருவள்ளுவர் ஈகையை 23ஆம் அதிகாரத்திலே வைத்தார். அதற்கு முன், 22ஆம் அதிகாரமாக, ஒப்புரவறிதலை வைத்தார். வறியவனுக்கு வழங்குவது ஈகை. ஊருக்குப் பயன்படும் பொதுக் காரியத்துக்கு உதவுவது ஒப்புரவு. ஒப்புரவு உடையவனின் செல்வத்தை ஊரார் நீருண்ணும் குளம் நிறைந்ததற்கும், ஊர் நடுவிலே பயன்மரம் பழுத்ததற்கும் அவர் ஒப்பிடுகிறார். சங்கத்துக்குக் கொடுப்பது பிச்சையிடுவது அன்று. நமது குளத்துக்கு நாமே நீர் விடுவது. எனவே அங்கே அழுகையும் வேண்டாம், பெருமையும் வேண்டாம்.

அழாமல் கொடுப்பதற்கு நம்மவர் ஒரு வழி கண்டிருந்தனர். வணிகர் தமது வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைத் தருமத்துக்கென ஒதுக்கி, அதற்கு மகமை என்று பெயரிட்டனர். எமது தாய்மார் உலையிலே அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறு பானையிலே போட்டு, அதனைப் பிடியரிசி என்றனர். நான் பயின்ற கிறிஸ்தவப் பாடசாலையிலே தசமபாகம் என்ற சொல்லைக் கேட்டிருக்கிறேன். வருவாயிலே பத்தில் ஒரு பங்கு என்பது அதன் பொருள். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. செலவு போக மிஞ்சியதைக் கொடுப்பதன்று. முன்னரே எடுத்து வைப்பது. எடுத்து வைத்தவனுக்குக் கொடுக்கும் நேரத்திலே கை நடுங்குவதில்லை.

இன்னும் சம்பாதிக்கத் தொடங்காத எம்போன்றோர் என்ன செய்வது? 1958இல் எமது நாட்டிலே சர்வோதய இயக்கம் தொடங்கியபோது சிரமதானம் என்னும் சொல் பரவிற்று. உழைப்பையும் தானமாகத் தரலாம் என்பதை அச்சொல் உணர்த்திற்று. வாசிகசாலையிலே நூல்களை அடுக்குகிறவனும் சந்தா தருகிறவனே.

பெற்றுக்கொள்பவருக்கும் ஒரு கடமை உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன், தான் கொடுத்ததையும், தமக்கையார் குந்தவையார் கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றையோர் கொடுத்ததையும் ஒருங்கே கல்லில் வெட்டுமாறு பணித்தான். பொன்னின் நிறையும் மணிகளின் எண்ணிக்கையும் அங்கே பொறிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டு கடந்தும் அக்கணக்கை எவரும் படிக்கலாம். சென்ற ஆண்டுச் சந்தா எங்கே போயிற்று என்று அறியாதவன் இவ்வாண்டு அழத்தான் செய்வான். அவனைக் குறை கூறுவது முறையன்று.

ஆகவே பெரியோர் முன்னிலையிலே பணிவுடன் இரண்டு விண்ணப்பங்களைச் செய்கிறேன். ஒன்று, வரவையும் செலவையும் மாதந்தோறும் எழுதி வாசிகசாலைச் சுவரிலே ஒட்டுதல். மற்றொன்று, ஆண்டு மலரிலே கொடுத்தோர் பெயர்களைத் தொகையின் பெருமைப்படி அன்றி அகர வரிசையிலே அச்சிடுதல். சிறு தொகை தந்தவன் தன் பெயரைக் கடைசிப் பக்கத்தின் அடியிலே தேட வேண்டியிருத்தல் ஒத்தாரிடையே தகாது. உடலுழைப்புத் தந்தோரின் பெயர்களும் அவ்வரிசையிலேயே இடம்பெறட்டும்.

‘தா’ என்பது ஒத்தவனின் சொல். ஒப்புரவு என்பதும் ஒப்பு என்னும் சொல்லை உடையது. இவ்விரண்டையும் மனத்திலே கொண்டு கேட்போமானால், அடுத்த மாதம் சந்தாப் புத்தகத்தோடு படியேறும் தம்பிக்கு, “நாளைக்கு வா” என்ற மறுமொழி கிடைக்காது என நம்புகிறேன்.