முந்நூறு கிராம்

முன்வரிசையில வெள்ளைக் கோட்டோட உட்கார்ந்திருக்கிற எங்க பிள்ளைகளே!

2022 ஜனவரி 12. நம்ம ராமநாதபுரத்துல மருத்துவக் கல்லூரி திறந்த நாள். வருஷத்துக்கு 100 இடம். கட்டடம் வந்தாச்சு. பிள்ளைகள் கையில என்ன கொடுக்கப்போறோம்? சிமுலேட்டர், ஆப், சந்தான்னு லட்சக்கணக்குல பட்டியல் போடுறாங்க. வேணாம்னு சொல்லல. ஆனா நடுராத்திரி, கடலாடிப் பக்கம் ஒருத்தரைப் பாம்பு கடிச்சுருச்சு. லேப் பூட்டியிருக்கு. என்ன செய்வீங்க? சுத்தமான, காஞ்ச கண்ணாடிக் குழாய்ல ரெண்டு மில்லி ரத்தம். 20 நிமிஷம் அசைக்காம வைங்க. பிறகு சாய்ச்சுப் பாருங்க. உறையாம ஓடுச்சா? விரியன் வேலை! விஷமுறிவு ஊசியை ஏத்துங்க. பிளாஸ்டிக் குழாய் ஏமாத்திரும். கண்ணாடிதான்! (கைதட்டல்)

இதுக்கே தட்டுறீங்களா? அப்ப நம்ம தீவுக்காரர் கதையைக் கேளுங்க. மசூதித் தெரு. யுத்த காலத்துல ரயில்ல இருந்து விழுற பேப்பர் கட்டை எடுத்து வீடு வீடாப் போட்ட பையன். பேர் சொல்லணுமா? ("கலாம்! அப்துல் கலாம்!")

ஹைதராபாத்துல இவரோட ஆய்வுக்கூடத்துக்கு ஒரு எலும்பு டாக்டர் வந்தார். அக்னி ஏவுகணைக்குச் செஞ்ச பொருளைத் தூக்கிப் பார்த்தார். கனமே இல்ல. கையோட இவரை நிம்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சின்னஞ்சிறுசுகள், மூணு கிலோவுக்கு மேல இரும்புக் காலிப்பரை மாட்டிக்கிட்டு காலை இழுத்து இழுத்து நடக்குதுங்க. மூணே வாரம்! நம்மாளு 300 கிராம்ல செஞ்சு கொண்டுவந்து மாட்டிவிட்டார். பெத்தவங்க கண்ணெல்லாம் தண்ணி. (பலத்த கைதட்டல்)

அவர் படத்தை ஆளுயரத்துக்கு பேனர் வைக்கிற சிலர் இருக்காங்க. பேர் வேணாம், மைக்கைப் பிடுங்கிருவாங்க. பிறந்த நாளைக்கு ஒரு மாலை, நினைவு நாளைக்கு ஒரு மாலை. முந்நூறு கிராம் தெரியுமான்னு கேளுங்க, "எந்தக் கடையில, செய்கூலி எவ்வளவு?"ம்பாங்க! (சிரிப்பு)

அவங்கதான் "தமிழ்ல டாக்டருக்குப் படிக்க முடியுமா?"ன்னும் கேக்குறாங்க. அட, நம்ம கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், மானிப்பாய். 1847-ல வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழ் படிச்சார், தமிழ்லயே வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். கிரே எழுதின உடற்கூறு நூலு 1872-லயே 'மனுஷ அங்காதிபாதம்'னு தமிழ்ல வந்திருச்சு ஐயா! நூத்தைம்பது வருஷம் கழிச்சு முடியுமான்னு கேக்குறியே!

திரும்ப நம்மாளுகிட்டதான் வர்றேன், விட முடியல. இதய டாக்டர் சோமராஜுவோட சேர்ந்து விலை குறைஞ்ச ஸ்டென்ட் கொடுத்தார். எண்பது வயசைத் தாண்டியும் விடல. 2012-ல கிராமத்துச் சுகாதாரப் பணியாளருக்குன்னே ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர் கொடுத்தார். யாருக்கு எட்டலையோ அவங்க கைக்கு எட்டணும். அதுதான் அவர் கணக்கு.

பிள்ளைகளா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். படிச்சதுல கைக்கு உதவுறதை, நோய்க்கு ஒரு பக்கமா தமிழ்ல எழுதுங்க. பாம்புக்கடிக்கு ஒண்ணு, பிரசவ ரத்தப்போக்குக்கு ஒண்ணு, கடல்ல ஜெல்லிமீன் பட்டவங்களுக்கு ஒண்ணு. உங்க பேராசிரியர் சரிபார்க்கட்டும். அச்சுக்கூலி ஊரோட பொறுப்பு. கடைக்கோடி துணைச் சுகாதார நிலையத்துச் சுவர் வரைக்கும் போகணும். பேனர் கட்டுறவங்க கட்டட்டும். நாம இதை ஒட்டுவோம்!