உடம்பு மாறினால் செருப்பும் மாற வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல வருஷம் கழித்துச் சந்திக்கிற இடத்தில் கேட்கிற பேச்சு ரெண்டே ரெண்டுதான். "என்னடா இப்படிப் பெருத்துட்டே?" என்பது ஒன்று. "என்னடா இப்படி இளைச்சுட்டே, சுகர் வந்துடுச்சா?" என்பது இன்னொன்று. ரெண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு விஷயம் பேசலாம் என்றுதான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

எடை குறைத்தவர் என்ன செய்கிறார்? பேன்ட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கிறார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடுகிறார். மோதிரத்தில் நூல் சுற்றிக்கொள்கிறார். ஆனால் செருப்புக் கடைக்குப் போனால் மட்டும், "எனக்கு எட்டாம் நம்பர்தாங்க" என்கிறார். காலேஜ் படிக்கும்போது வாங்கிய நம்பர் அது. உடம்பு மாறினால் காலும் மாறும், கால் மாறினால் செருப்பும் மாற வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள் இருக்கின்றன. உள்ளங்காலின் நடுவில் பாலம் மாதிரி ஒரு வளைவு இருக்கிறது. எடை கூடக் கூட அந்தப் பாலம் அமுங்குகிறது. அமுங்கினால் பாதம் கொஞ்சம் நீளும், பக்கவாட்டிலும் விரியும். தோலுக்கடியில் கொழுப்பு சேரும், சிலருக்கு நீரும் தேங்கும். எடை குறையும்போது இதெல்லாம் திரும்பி வருகிறது. ஆனால் முழுதாக வருவதில்லை. எலும்பின் நீளம் குறையாது. பல வருஷம் இழுபட்டுத் தளர்ந்த தசைநார்களும் பழைய இறுக்கத்துக்குப் போவதில்லை. அதனால் நீளம் குறைவது சொற்பம்தான், அகலமும் சுற்றளவும்தான் அதிகம் குறையும். நிறைய எடை குறைத்த சிலருக்கு அரை சைஸ், ஒரு சைஸ்கூட இறங்கிவிடும்.

ஒரு சைஸ் என்றால் எவ்வளவு தெரியுமா? நாம் ஆறு, ஏழு, எட்டு என்று சொல்வது இங்கிலீஷ் கணக்கு. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். கேட்பதற்குச் சின்ன அளவுதான். ஆனால் தினமும் ஆயிரக்கணக்கான அடி நடக்கிற காலுக்கு அது பெரிய வித்தியாசம். இறுக்கமான ஷூ கால் ஆணியைக் கொடுக்கும். தொளதொள ஷூவோ ஒவ்வொரு அடியிலும் குதிகாலை உரசிக் கொப்புளம் போடும்.

இனி கெண்டைக்காலுக்கு வருவோம். "மூணு மாசமா நடக்கிறேன், வயிறு குறையுது, கால் குறையலையே" என்று சிலர் வருத்தப்படுவார்கள். கால் பருமனில் கொழுப்பும் உண்டு, ஆடுசதையும் உண்டு. நடப்பதால், மாடிப்படி ஏறுவதால், சைக்கிள் மிதிப்பதால் கொழுப்பு கரையும்போதே சதை வலுப்பெறுகிறது. டேப் வைத்து அளந்தால் அளவு அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு. கொழுப்பு எந்த இடத்தில் முதலில் கரைய வேண்டும் என்று நாம் உத்தரவு போட முடியாது. எலும்பு வளைந்திருப்பதால் முட்டி அகன்றிருந்தால், அதை எந்தப் பயிற்சியும் நேராக்காது. ஆடுசதை என்பது அழகுக்கு மட்டும் உள்ளதல்ல. காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிற பம்ப்பே அதுதான்.

ஒரு காலின் கெண்டை மட்டும் திடீரென்று வீங்கி, இன்னொரு காலைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்து, வலியும் இருந்தால், "நடந்ததால் வந்தது" என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ரத்தக்குழாயில் உறைகட்டி இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

வேகமாக இளைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முட்டிக்குக் கொஞ்சம் கீழே வெளிப்பக்கம் தொட்டுப் பார்த்தால் ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. பாதத்தை மேலே தூக்குவது அந்த நரம்பின் வேலை. அதற்கு மெத்தை மாதிரி இருக்கிற கொழுப்பு, அவசரப் பட்டினியில் கரைந்துவிடும். அப்புறம் கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தாலோ, குந்தி உட்கார்ந்தாலோ நரம்பு நசுங்கும். எழுந்தால் பாதம் தூக்க வராது, செருப்பு காலைவிட்டு நழுவும். "செருப்பு லூஸ்" என்று நினைப்பவர் சோதிக்க வேண்டியது செருப்பை அல்ல, காலை. அதனால்தான் எடையை மெதுவாகக் குறைக்கச் சொல்கிறோம்.

இதைச் சொல்லிவிட்டதால் எடையே குறைக்க வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது! முட்டித் தேய்மானமும் அதிக எடையும் உள்ள முதியவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டியில் இறங்கும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று அதில் கண்டார்கள். இதைவிட லாபமான வியாபாரம் ஏது?

இந்தப் பேச்சில் மிக முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறேன். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் ஏன் அழிகிறது என்று ஆராய்ந்தார். விரல்களை நோய் நேரடியாகத் தின்றுவிடவில்லை, வலி தெரியாததால் ஏற்பட்ட காயங்கள்தான் காரணம் என்று கண்டார். வேலூரிலும் கரிகிரியிலும் மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் அந்தக் கால்களைக் காப்பாற்றின. 1966இல் அமெரிக்கா போன பிறகு இதே பாடத்தை அவர் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருத்தினார்.

ஏனென்றால் நீண்ட நாள் சர்க்கரையும் கால் நரம்பை மரக்கச் செய்கிறது. நமக்குச் செருப்பு கடித்தால் கழற்றி எறிவோம். அவருக்குக் கடிப்பதே தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆழமாகி, கடைசியில் விரலையோ காலையோ எடுக்கிற நிலைமை வருகிறது. இளைத்த காலில் தொளதொளக்கும் பழைய ஷூ அந்தப் புண்ணுக்கு ஆரம்பமாகலாம். அதனால் ஷூ போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள், தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெயில் நேரத்தில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றாதீர்கள், சுவாமி கோவித்துக்கொள்ள மாட்டார்! எடை நன்றாகக் குறைந்தால் மாத்திரை அளவும் மாற வேண்டியிருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

செருப்பு வாங்குவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்த கால் சற்று உப்பியிருக்கும். நின்றுகொண்டு அளந்து பாருங்கள், உட்கார்ந்து அளந்தால் கால் சின்னதாகத் தெரியும். ரெண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குதிகால் நழுவக் கூடாது. "போடப் போடச் சரியாயிடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். எடை ஐந்து கிலோ கூடினாலும் குறைந்தாலும் மறுபடி அளந்து பாருங்கள்.

அகலம் போதவில்லை என்று ஒரு நம்பர் கூடுதலாக வாங்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தது. வெளிநாட்டு அளவுகளை நோக்க நம் பாதம் அகலமானது என்று அதில் தெரிந்தது. இந்தியப் பாதத்துக்கென்றே 'பா' என்ற புது அளவுமுறையையும் முன்மொழிந்தார்கள். ஆக, குறை நம் காலில் இல்லை!

மாணவச் செல்வங்களே, இதெல்லாம் பெரிசுகளுக்கான பேச்சு என்று நினைக்காதீர்கள். ஜிம்முக்குப் போகிறீர்கள், ஓடுகிறீர்கள், என்.சி.சி.யில் பூட்ஸ் போடுகிறீர்கள். தினமும் உயரக் குதி போட்டால் ஆடுசதை சுருங்கிக்கொள்ளும். வீட்டுக்குப் போனதும் அம்மா அப்பாவை ஒரு வெள்ளைத் தாள்மேல் நிற்கவைத்து, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். அந்தத் தாளை வெட்டி அவர்கள் போடும் செருப்புக்குள் வைத்துப் பாருங்கள். தாள் மடங்கினால் அடுத்த சம்பளத்தில் புதுச் செருப்பு வாங்கிக் கொடுக்கச் சொல்லி அண்ணனிடம் கேளுங்கள்.