பாடம் கிடக்கட்டும், கிளம்புங்கள்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு இராஜபாளையத்தில் வீடு; அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி. 12 ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தது. நாள் தள்ளி மூன்று வாரமாகியிருந்தது. லேசான உதிரப்போக்கும் இருந்தது. பஸ் குலுக்கலாக இருக்கும் என்று நினைத்து, மணி அடிக்கட்டும் என்று நின்றேன். தலை சுற்றியது. பக்கத்து வகுப்பு அக்கா என் முகத்தைப் பார்த்ததும், "பாடம் கிடக்கட்டும், கிளம்புங்க டீச்சர்" என்று ஆட்டோவில் ஏற்றினார்.

இரத்தப் பரிசோதனை கர்ப்பம் என்றது. ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தது. கரு வலது கருக்குழாயில் இருந்தது.

அறிவியல் ஆசிரியை நான். கருவுறுதல் கருக்குழாயில் நடக்கிறது, பிறகு கரு நகர்ந்து கருப்பையில் பதிகிறது என்று ஆண்டுதோறும் சொல்லித் தருகிறேன். 100 கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் அது கருப்பைக்கு வெளியே தங்கிவிடும், பெரும்பாலும் குழாயிலேயே. குழாய் கருப்பைபோல விரியாது. வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். அந்தக் கருவை எடுத்துக் கருப்பையில் வைக்கவும் வழியில்லை.

1883இல் லாசன் டெய்ட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் வயிற்றைத் திறந்து, வெடித்த குழாயை அகற்றி ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். எனக்கு நடந்தது லேப்ராஸ்கோப்பி. மயக்க மருந்து கொடுத்து, தொப்புளருகே ஒன்றும் அடிவயிற்றில் இரண்டுமாகச் சிறு துளைகள் போட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்பவைத்து, கேமராவில் பார்த்தபடி குழாயை அகற்றினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். "வெடித்து, நிலைமை மோசமான பிறகு வந்திருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும்" என்றார் மருத்துவர். இன்னும் முன்னதாகக் கண்டுபிடித்தால் சிலருக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியே போதும்.

"சின்ன ஆபரேஷன்தானே" என்றார்கள் எல்லோரும். தழும்பு சின்னதுதான்; இழப்பு சின்னதில்லை. நான் பஸ்ஸில் அலைந்ததால்தான் இப்படி ஆனது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அது உண்மையில்லை. மீதமிருந்த ஒரு குழாயுடன் எனக்குப் பிறந்த மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

உங்களிடம் கேட்பது இதுதான். நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்று வலி, உதிரப்போக்கு, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி வந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். மயக்கம் வந்தால் உடனே 108ஐ அழையுங்கள். குடும்பக்கட்டுப்பாடு செய்தவர்களுக்கும் அரிதாக இது வரலாம். நம் மாணவர்களின் தாய்மார்கள் பலர் மில் வேலையில் ஷிப்ட் முடியட்டும் என்று வலியைப் பொறுப்பவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதை அவர்களிடம் சொல்லுங்கள்.