ரேடியேற்றரைத் திருத்துவதா, மாற்றுவதா?



யாழ்ப்பாணத்து வீதிகளிலே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 முதலிய பழைய மோட்டார் வண்டிகள் இன்றும் ஓடுவதைக் காண்கின்றோம். இங்கிலாந்திலே 1948ஆம் ஆண்டு தொடங்கிய மொறிஸ் மைனரின் உற்பத்தி 1971இல் முடிவெய்தியது. எனினும் வண்டிகள் ஓய்வுபெறவில்லை. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தே மண்ணெண்ணெயிலே ஓடியவை அவை. 2020இல் தொடங்கிச் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோதும் கைகொடுத்தவை அவை. இத்துணை உறுதிவாய்ந்த வண்டியை முடக்குவதற்குப் பெரிய விபத்தொன்று வேண்டியதில்லை. ரேடியேற்றரிலே குண்டூசி முனையளவு துளை ஏற்பட்டாற் போதும். அப்போது அதனைத் திருத்துவதா, அன்றி மாற்றுவதா என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் பொருள்.

ரேடியேற்றரின் அமைப்பு எளியது. மேலே ஒரு தொட்டி. கீழே ஒரு தொட்டி. இரண்டுக்கும் இடையே மெல்லிய குழாய்களும், அவற்றைத் தழுவிய செப்புத் தகடுகளும். இந்த நடுப்பகுதியையே 'கோர்' என்பர். எஞ்சினிலே சூடேறிய நீர் குழாய்களின் வழியே இறங்கும்போது, தகடுகளுக்கிடையே புகும் காற்று அச்சூட்டை வாங்கிச் செல்கிறது. 1901ஆம் ஆண்டின் மேர்சிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் அமைத்த ரேடியேற்றரில் 8,000க்கும் மேற்பட்ட சிறு குழாய்கள் இருந்தன. தொடக்ககால மொறிஸ் மைனரிலோ நீரை ஓட்டுதற்குப் பம்பும் இல்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியே அங்கு பம்பின் வேலையைச் செய்தது. ஆதலின், குழாய்கள் சில அடைபட்டாலும் அவ்வண்டி விரைவிற் கொதிக்கும்.

வண்டி கொதித்தவுடன் ரேடியேற்றரைக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. வெடித்த றப்பர்க் குழாய், தளர்ந்த விசிறிப் பட்டி, பழுதடைந்த மூடி ஆகியவற்றை முதலிற் பார்த்தல் வேண்டும். எஞ்சின் எண்ணெய் பாற்கோப்பி போல நிறம் மாறியிருப்பின், எஞ்சின் தலையின் கீழுள்ள 'காஸ்கெற்' பழுதடைந்திருத்தல் கூடும். அந்நிலையில் புதிய ரேடியேற்றர் பூட்டியும் பயனில்லை, பணமே வீணாகும்.

குற்றம் ரேடியேற்றரில்தான் என்று தெரிந்தபின், அதனைக் கழற்றி, வாய்களை அடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, மிதமான அழுத்தத்திலே காற்றைச் செலுத்துவார் தொழில் தெரிந்தவர். குமிழி எழும் இடமே கசியும் இடம். தொட்டியின் விளிம்பிலோ ஓரிரு குழாய்களிலோ மட்டும் கசிவிருப்பின், திருத்துவதே தக்கது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியஸ் அளவிலே இளகத் தொடங்கும். செம்பு உருகுவதற்கோ 1,085 பாகை வேண்டும். செம்புக்கு ஊறு நேராமற் பற்றவைக்க இயல்வது இவ்வேறுபாட்டினாலேயாம். ஆனால், துருவையும் அழுக்கையும் நீக்கி உலோகம் பளிச்சிடும்வரை துலக்காவிடிற் பற்றாசு ஒட்டாது. காரீயப் புகை உடலுக்குத் தீங்கு விளைப்பதாதலின், காற்றோட்டமுள்ள இடத்திலேயே இவ்வேலை நடைபெறல் வேண்டும்.

விரலாற் தொட்டவுடன் தகடுகள் உதிருமாயின், அல்லது ஓரிடத்தை அடைக்க மற்றோரிடம் கசியுமாயின், அந்தக் கோர் தன் காலத்தை முடித்துவிட்டது. அப்போதும் முழுவதையும் எறிந்துவிட வேண்டியதில்லை. நல்ல நிலையிலுள்ள பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு, நடுவே புதிய கோரைப் பொருத்தலாம். தொட்டிகளும் கெட்டிருந்தாலே முழுதாக மாற்றல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: மொறிஸ் 1000 போன்ற வண்டிக்குச் சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடியே உரியது. புதிய வண்டிகளின் 13, 15 இறாத்தல் மூடியைப் பூட்டினால், பழைய பொருத்துகள் பிளந்துவிடும்.

திருத்தினாலும் மாற்றினாலும், பழுதின் காரணம் நீங்காவிடின் அது மீண்டும் வரும். குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். கிணற்று நீரோ வன்னீர். கேத்தலின் அடியிலே படியும் வெண்படிவம் குழாய்களிலும் படிகின்றது. காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ற் கலந்து ஊற்றுதலே நன்று. நம் நாட்டிலே நீர் உறையாதாயினும், துருவைத் தடுக்க அது உதவும். அவசரத்துக்கு மஞ்சள் தூளோ முட்டை வெண்கருவோ இடுவாருண்டு. துளையை அடைக்கும் பொருள் நல்ல குழாயையும் அடைக்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

முடிவாக ஒன்று. கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியை உடனே திறக்கற்க. அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர், மூடி தளர்ந்த கணமே ஆவியாகச் சீறி முகத்தையும் கண்ணையும் பொசுக்கிவிடும். சூடான எஞ்சினிலே குளிர்நீரை வார்த்தால் அது வெடிக்கவுங் கூடும். வண்டியை ஓரமாக நிறுத்தி, நன்கு ஆறும்வரை காத்திருங்கள். பழுதைத் திருத்தலாம், பாகத்தை மாற்றலாம். இழந்த கண்ணுக்கு மாற்றில்லை.