இருபுறக் கருக்கு



பனைமட்டையின் ஓரத்தே அரம்போல் அமைந்த கூர்ப்பற்களைக் ‘கருக்கு’ என்பர். மட்டையின் இருபுறமும் அஃது உண்டு. எப்புறம் பற்றினும் கை கிழியும். 1992-இல் பாமா தம் வாழ்வை எழுதிய நூலுக்கு அதனையே பெயராக்கினார். அந்நூல் சாதிக் கொடுமையை உரைத்தது. 1994-இல் வந்த ‘சங்கதி’யோ ஒடுக்கப்பட்ட அச்சாதியின் பெண்டிரை முன்னிறுத்தியது. அவர்க்கு வயலில் ஆணினும் குறைந்த கூலி. வீட்டிலோ கணவன் அடி. சாதி ஒருபுறம், ஆண்மேலாண்மை மறுபுறம்! ஒருபுறக் கருக்கை மட்டும் சீவிவிட்டால், மறுபுறம் அறுக்காதோ?

இந்நூல்கள் சேரிப் பெண்டிரின் பேச்சுத்தமிழிலேயே எழுதப்பெற்றவை. அதனைக் கொச்சையென்று புலவர் ஒதுக்கின், சொல்லோடு அதனைச் சொன்னவளும் ஒதுக்கப்படுவாள். ‘தமிழ் வாழ்க’ என்போர்க்கு, அவள் தமிழையும் செவிமடுத்தல் கடன். அவளும் வாழ்க; அவள் தமிழும் வெல்க!